தறியில் இரண்டாவது இடம்: காஞ்சிபுரத்துப் பள்ளிகளும் ஆசிரியர் கணக்கும்

(ஒலிப்பதிவின் சீர்செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் காஞ்சிபுரம் போகலாம். கோயில் பார்க்க இல்லை, புடவை எடுக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை ஆசிரியர் இருக்கணும், அதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறோம். கேட்க வறட்சியான விஷயம் மாதிரி இருக்கும். ஆனா இந்த ஊரில் அந்தக் கணக்குக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கிறது. அது தறியிலிருந்து தொடங்குகிறது.

காஞ்சிப் பட்டில் ‘கோர்வை’ என்று சொல்வாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனியா நெய்து ஒட்டுவதில்லை. நெய்யும்போதே உடலின் ஊடை நூலையும் கரையின் ஊடை நூலையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகணும். அதற்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று. நெசவாளி ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தரணும்.

அந்த இரண்டாவது ஆள் யார்? பெரிய ஆளைக் கூலிக்கு வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பல தலைமுறையாக அந்த இடத்தில் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளை. வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டி இன்னொரு பள்ளிக்கூடம் இல்லைங்க. தறியில் இருக்கிற அந்த இரண்டாவது இடம்தான். ஆசிரியர் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சை இந்த ஊரில் அங்கிருந்துதான் தொடங்கணும்.

கல்லில் எழுதிய ஒரு கணக்கு

முதலில் கொஞ்சம் பின்னாடி போவோம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். அங்கே உள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்து நடந்த ஒரு கல்விச்சாலையின் வரவு செலவுத் திட்டம் என்றே அதைச் சொல்லலாம்.

எந்தப் பாடத்துக்கு எத்தனை மாணவர், சொல்லிக்கொடுப்பவருக்கு எவ்வளவு நெல் என்று வரும். அதோடு நிற்கவில்லை. மாணவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு உண்டு. கூடவே 15 படுக்கை கொண்ட ஒரு ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. அதற்கு வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. அது வேதமும் இலக்கணமும் படிக்க வந்தவர்களுக்கான இடம். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. ஆனாலும் அந்தக் கணக்கைப் போட்டவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. படிப்பு நடக்கணும் என்றால் பாடம் சொல்பவர் மட்டும் போதாது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அந்தக் கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிய இந்த ஊர் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதுதான் மீதிக் கதை.

எழுத்தர் நாற்காலியில் ஒரு மாணவர்

19ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்குப் புதுவகைப் பள்ளிகள் வந்தன. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் பெயரில் இன்றைக்கும் ஊரில் ஒரு பள்ளி இருக்கிறது. பச்சையப்ப முதலியார் விட்டுப்போன அறக்கட்டளைப் பணத்தில் சென்னையிலும், பிறகு காஞ்சிபுரத்திலும் பள்ளி வந்தது. 1794இல் இறந்தவர் அவர். வழக்கெல்லாம் முடிந்து அந்தப் பணம் கல்விக்கு வந்து சேர்ந்து, சென்னைப் பள்ளி தொடங்கியது 1842இல்.

அந்தப் பச்சையப்பன் உயர்நிலைப்பள்ளியில்தான், 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்த சி.என். அண்ணாதுரை படித்தார். குடும்பத்தில் பணத் தட்டுப்பாடு. படிப்பை நிறுத்திவிட்டு காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் போனார். பிறகு படிப்புக்குத் திரும்பி, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் 1934இல் ஆனர்ஸ் முடித்தார்.

அண்ணாவின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்த எழுத்தர் வேலையை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நான் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். இன்றைய பள்ளிக்கல்வித் துறை மொழியில் அதற்குப் பெயர் ‘இடைநிற்றல்’. பின்னாளில் இந்த மாநிலத்தின் முதல்வரானவர் ஒரு காலத்தில் இடைநின்ற மாணவர். அவர் திரும்பி வந்தார். அவர் கூடவே அந்தத் தெருவில் வளர்ந்த எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

1953: ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஒரு விடை

இப்போ 1953க்கு வருவோம். சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி. 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தே ஆண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயலணும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருக்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளைகள் ஏராளம். ஆசிரியரும் போதாது, கட்டடமும் போதாது, பணமும் இல்லை.

ராஜாஜி அரசு ஒரு கணக்குப் போட்டது. தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, ஒரே நாளில் இரண்டு முறை பள்ளி நடத்தினால்? அதே ஆசிரியர், அதே கட்டடம், இரண்டு மடங்கு பிள்ளைகள். மீதி அரை நாள் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ ஊரில் உள்ள கைத்தொழிலையோ பழகட்டும்.

எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர்தான் ‘குலக்கல்வித் திட்டம்’. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சாதியைப் பற்றிய வாதம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அது சரியான வாதமும் கூட. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அடிப்படையில் அது ஓர் ஆசிரியர் எண்ணிக்கைத் திட்டம். போதுமான ஆசிரியர் இல்லை என்ற குறையை, பிள்ளையின் நேரத்தைப் பாதியாக வெட்டி நிரப்பப் பார்த்த திட்டம்.

நெசவு ஊர்களில் அந்த மீதி அரை நாளுக்கு என்ன பொருள் என்று யோசிச்சுப் பாருங்க. தறியில் இரண்டாவது இடம் காலியாகக் காத்துக்கொண்டிருக்கிறது. அரசே அரை நாளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போய் உட்காரும்? திட்டம் நகராட்சி அல்லாத பகுதிகளுக்குத்தான். காஞ்சிபுரம் நகராட்சி என்பதால் ஊருக்குள் வராது. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் அய்யம்பேட்டை மாதிரி, வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊர்கள் இருந்தன.

1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. கட்சியை நடத்தியவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா. பெரியாரும் திராவிடர் கழகமும் கடுமையாக எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஜூலை 29 அன்று சட்டமன்றத்தில், திட்டத்தைக் கைவிடணும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சரிபாதி! திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பணும் என்ற தீர்மானம் நிறைவேறியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

நெய்யாடுபாக்கத்துக்காரர்

திட்டத்தைக் கைவிடுவது எளிது. ஆனா பற்றாக்குறை அப்படியே இருக்கிறதே? அதற்கு வேறு விடை தேட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர் இன்னொருவர் வருகிறார். நெ.து. சுந்தரவடிவேலு. ‘நெ’ என்றால் நெய்யாடுபாக்கம், காஞ்சிபுரத்தை அடுத்த கிராமம். 1912இல் பிறந்தவர். 1954இல் பொதுக்கல்வி இயக்குநரானார்.

காமராஜரும் சுந்தரவடிவேலுவும் கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட்டார்கள். பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி. ஓர் ஆசிரியர்தான் கிடைப்பார் என்றால் ஓராசிரியர் பள்ளியாகவாவது தொடங்கிவிடுவது. பிறகு 1956இல் மதிய உணவு. பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை? வேலைக்குப் போனால் ஒரு வேளைச் சாப்பாடாவது கிடைக்கும். அப்படியென்றால் அந்தச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் போடு. உணவு, சீருடை, மேசை நாற்காலி என்று ஊர்மக்களிடமே கேட்டுச் சேர்க்க, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன.

1953க்கும் 1956க்கும் உள்ள வேறுபாடு இதுதான். முதல் திட்டத்தில் ஆசிரியர் எண்ணிக்கை மாறாமல் இருக்கப் பிள்ளை விட்டுக்கொடுக்கணும். இரண்டாவதில் பிள்ளை உள்ளே வருவதற்காக அரசும் ஊரும் செலவு செய்யணும்.

பிறகு எம்.ஜி.ஆர். காலத்தில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. 1984இல் அது 15 வயது வரை உள்ள மாணவர்களுக்கும் விரிந்தது. அதாவது உயர்நிலைப்பள்ளிக்கும் சாப்பாடு வந்துவிட்டது. சமைக்கவும் பரிமாறவும் தனியாக அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் வந்தன. பாடம் நடத்தாத, ஆனால் பிள்ளை பள்ளியில் தங்குவதற்குக் காரணமான ஆட்களுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. இதை மனசில் வச்சுக்கோங்க.

முன்பணம்

ஆனாலும் தறியின் இரண்டாவது இடம் காலியாகிவிடவில்லை. காரணம், அதில் கடன் இருந்தது. மகளுக்குக் கல்யாணம், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று ஒரு செலவு வரும். முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். கடனைக் கழிக்கப் பிள்ளை தறியில் உட்காரும். கடன் தீரும் வரை எழுந்திருக்க முடியாது. பள்ளியில் சாப்பாடு போடலாம், புத்தகம் கொடுக்கலாம். கடனை யார் அடைப்பது?

1996 டிசம்பரில், சிவகாசியை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அபாயமான தொழிலில் பிள்ளையை வைத்திருக்கும் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும், மாவட்டந்தோறும் கணக்கெடுக்கணும் என்றது. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. முகூர்த்தப் புடவைக்குப் பேர் போன ஊர் அப்படி ஓர் அறிக்கையில் வந்தது.

அந்த ஆண்டுகளில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் காஞ்சிபுரத்திலும் நடந்தன. தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மாதாமாதம் ஒரு சிறு உதவித்தொகை, உடல்நலப் பரிசோதனை, பிறகு வழக்கமான பள்ளியில் சேர்ப்பது. அங்கே பாடம் சொன்னவர்கள் மதிப்பூதியத்தில் வேலை பார்த்தவர்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைத் தேடுவதும், பெற்றோரோடு பேசுவதும் அவர்கள் வேலையிலேயே ஒரு பகுதி. 2021இல் அந்தத் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 1 கணக்கு

சரி, வழக்கமான அரசுப் பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்கிறார்கள்? தமிழ்நாட்டு ஆசிரியர் யாரிடமாவது ‘525’ என்று சொல்லிப் பாருங்க, உடனே புரிந்துவிடும். 1997 டிசம்பர் 29 தேதியிட்ட அரசாணை எண் 525. 40 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவு அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’. தேவையான வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பணி நிரவல்.

மாநிலம் முழுக்க ஆசிரியர்களைச் சமமாகப் பகிர இப்படி ஒரு முறை வேண்டும், அதில் தப்பில்லை. ஆனா நெசவு ஊரில் அது எப்படி வேலை செய்யும் என்று பாருங்க. பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டால் பதிவேட்டில் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பிரிவு போகும். பிரிவு போனால் ஆசிரியர் போவார். இருக்கிற வகுப்பில் கூட்டம் கூடும். அடுத்து யாராவது வராமல் போனால் கவனிக்க ஆள் இன்னும் குறைவு. எந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் நழுவுகிறார்களோ அந்தப் பள்ளிக்குத்தான் கூடுதல் ஆள் தேவை. ஆனால் இந்தக் கணக்கில் ஆளை இழப்பது அதே பள்ளிதான்.

இதற்கு மேல், காலியான இடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் வழக்கம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதம் 5,000 ரூபாய். 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத ஆசிரியர், மூன்று மாதமாகச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை எப்படித் தொடர்ந்து கவனிப்பார்?

எட்டாம் வகுப்பு வாசல்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. 14 வயது வரைதான். அதாவது எட்டாம் வகுப்பு வரை.

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து மாலையில் சொல்லிக்கொடுத்த திட்டம். அதுவும் எட்டாம் வகுப்பு வரை. 2022இல் வந்த காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் மேற்படிப்புக்குப் போன பிறகு. எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது. ஒன்பதில்தான் முதல் முறையாக அந்தப் பயம் வருகிறது.

இன்னொரு பக்கம் 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம். 14 வயது வரை எல்லா வேலைக்கும் தடை, ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு. 14க்கு மேல், பட்டியலில் உள்ள ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் தடை. பள்ளி நேரம் போக மீதியில் வீட்டுத் தொழில்! 1953ஐக் கேட்ட மாதிரி இருக்கிறது இல்லையா? அன்றைக்குப் பள்ளி நேரத்தை வெட்டினார்கள், இப்போது வெட்டவில்லை. அந்த வேறுபாட்டை மறுக்க முடியாது. ஆனால் இரவு பத்து மணி வரை தறியில் உட்கார்ந்த பிள்ளை காலையில் வகுப்பில் எப்படி இருக்கும் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும்.

ஆக, 14 வயதில் பல கதவுகள் ஒன்றாக மூடுகின்றன. அதே வயதில்தான் அந்தப் பிள்ளையின் கை வேலைக்குத் தயாராகிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒன்பதாம் வகுப்பு என்று பெயர். உயர்நிலைப்பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கை வெறும் நிர்வாக விஷயம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மதிய உணவு பத்து வரை உண்டு, பிளஸ் ஒன்னில் சைக்கிள் உண்டு, 14417 என்று உதவி எண் உண்டு. இவையெல்லாம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனா உதவி எண்ணுக்குப் பிள்ளைதான் போன் பண்ணணும். பள்ளியிலிருந்து நிற்கப்போகிற பிள்ளை போன் பண்ணாது. திங்கள்கிழமை வராது, செவ்வாய்க்கிழமை வராது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் எமிஸ் இணையதளத்தில் அந்தப் பெயர் ‘காமன் பூல்’ என்ற இடத்துக்குப் போய்விடும்.

இப்போது

இன்றைக்குக் காஞ்சிபுரம் மாறியிருக்கிறது. நெசவாளர் பிள்ளைகள் பலர் தறிக்கு வர விரும்புவதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து போகிறது. தறியில் இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை என்பது இப்போது நெசவாளர்களின் கவலை. ஆனால் பிள்ளையை இழுக்கிற இடம் தறியாகவே இருக்கணும் என்றில்லை. அது புடவைக் கடையாக இருக்கலாம், சடங்கு ஆனதும் நடத்தி வைக்கிற கல்யாணமாக இருக்கலாம். காலியாக ஓர் இடம் எப்போதும் காத்திருக்கும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி எனக்கு இப்படித் தோன்றுகிறது. ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால், வீட்டுக்குப் போய் விசாரிப்பது பள்ளியில் யாருடைய வேலை? பாட ஆசிரியர் நல்ல மனசோடு போவார், நிறையப் பேர் போயிருக்கிறார்கள். உங்களில் சிலரை அப்படி ஓர் ஆசிரியர் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டுக்கொண்டு போயிருப்பார். ஆனால் அது அவருடைய நல்ல மனசு. பணியிட நிர்ணயக் கணக்கில் அதற்கு இடமில்லை. சமையலுக்கு ஆள் வேண்டும் என்று 1982இல் ஒத்துக்கொண்ட அரசால், விசாரிக்கப் போகவும் ஓர் ஆள் வேண்டும் என்று ஒத்துக்கொள்ள முடியும். திருமுக்கூடல் கல்வெட்டில் விளக்கெண்ணெய் வரைக்கும் கணக்கு இருக்கிறதே.

நீங்க காஞ்சிபுரத்திலோ வேறொரு நெசவு ஊரிலோ படித்தவராக இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் உங்க பக்கத்தில் உட்கார்ந்து பாதியில் நின்றுபோன நண்பர் யார் என்று ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அவரை யாராவது தேடிப் போனாங்களா? எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.